வீட்டுக்கு வில்லங்கம் பார்க்கலாம்... உள்ளே இருக்கும் கம்பிக்கும் கல்லுக்கும்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அந்தத் தூணை ஏறிட்டுப் பார்ப்பது அபூர்வம். பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயக் கலெக்டரின் நினைவாக நிறுத்தப்பட்டது அது. அவர் காலத்தில் மதுரையில் நடந்த பெரிய வேலை, ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடித்ததுதான். 1837 வாக்கில் தொடங்கிய அந்த வேலையில், இடித்த கல்லையும் மண்ணையும் யாரும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை. பக்கத்திலேயே இருந்த அகழியைத் தூர்த்து, மேலே தெருப் போட்டார்கள். இன்றைய வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படி வந்தவை.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் இதே கதை உண்டு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, மகாலின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துப்போனார் என்கிறார்கள். இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கக் கிடைப்பது மிச்சம்தான்.

ஒரு கட்டடத்தின் உடம்பு இன்னொரு கட்டடத்துக்குப் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை. அதற்குத்தான் இப்போது 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோண்டு, கட்டு, இடி, கொட்டு என்று ஒரே திசையில் போகாமல், இடித்ததைத் திரும்பக் கட்டுமானத்துக்கே கொண்டுவருவது. அதற்கு டிஜிட்டல் தொழில்நுட்பம் உதவும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். மத்திய அரசின் புதிய விதிகளும் ஆன்லைன் போர்ட்டலை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால், அந்தப் போர்ட்டல் பார்க்கும் இடம் வேறு, மதுரையில் கல்லும் மண்ணும் குவியும் இடம் வேறு.

வீடு விழும்போது என்ன நடக்கிறது?

மாநகராட்சியின் 100 வார்டுகளில் எந்த வார்டுக்குப் போனாலும், எங்கேயாவது ஒரு பழைய வீடு விழுந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் வீட்டுக்காரர் இடிப்பு கான்ட்ராக்டரைக் கூப்பிடுவார். அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றுவார். நிலை எத்தனை, அதில் தேக்கு எத்தனை, உத்திரம் உளுத்திருக்கிறதா, கம்பி எவ்வளவு தேறும், செங்கல் முழுசாக வருமா என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்வார். மரம் நிறைய உள்ள பழைய வீடு என்றால், இடிக்கிறவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். வெறும் கான்கிரீட் வீடு என்றால் கதை மாறிவிடும். "இதுல எங்களுக்கு என்னண்ணே இருக்கு? கம்பிய எடுத்துக்கிறோம், கல்லு மண்ண அள்ளுறதுக்கு வண்டி வாடகை தனி" என்பார்.

அந்தப் பேரத்தில் ஒரு முழுப் பொருளாதாரமே இருக்கிறது. கதவு, ஜன்னல், கிரில், கடப்பாக்கல், வாஷ்பேசின் வரை பழைய சாமான் கடைக்குப் போகும். கம்பியை நிமிர்த்திச் சின்ன வேலைகளுக்கு விற்பார்கள், இல்லையென்றால் இரும்புக் கடை வழியாக உருக்காலைக்குப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் விற்கும் கடைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அதே தொழிலின் பகட்டில்லாத பதிப்புதான் மதுரையிலும் நடக்கிறது. சுழற்சிப் பொருளாதாரம் பற்றிய கருத்தரங்குகளுக்கு இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் மிஞ்சுவது ரப்பீஸ். உடைந்த செங்கல், காரை, கான்கிரீட் துண்டு, டைல்ஸ் எல்லாம் கலந்த குவியல். பள்ளமான மனையில் பேஸ்மெண்ட் நிரப்ப யாராவது கேட்டால் அங்கே போகும். அது நல்ல உபயோகம்தான். கேட்க ஆள் இல்லையென்றால், ராத்திரியில் டிப்பர் கிளம்பும். வைகைக் கரை, கண்மாய் ஓரம், வாய்க்கால், நான்கு வழிச்சாலையின் இருட்டான பக்கம். கிருதுமால் ஒரு நதி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? 2024 அக்டோபர் கடைசியில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கு ஆக்கிரமிப்பு, பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை என்று பல காரணங்கள் உண்டு. தண்ணீர் போகிற பாதையில் கொட்டும் கல்லும் மண்ணும் அதில் ஒன்று. பிளாஸ்டிக்கையாவது அள்ளிவிடலாம். கான்கிரீட் படிந்தால் படிந்ததுதான்.

எவ்வளவு வரும் இந்தக் கழிவு? கான்கிரீட் கட்டடத்தை இடித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ என்பது டைஃபாக் என்ற மத்திய அரசு அமைப்பு போட்ட கணக்கு. அதன்படி 1,000 சதுர அடி வீட்டிலிருந்து 46 டன் வரும். ஏறக்குறைய நாலு டிப்பர் லோடு. நாடு முழுவதும் ஆண்டுக்கு 15 கோடி டன் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. அதில் முறையாக மறுசுழற்சி ஆவது 1 சதவீதம் அளவுக்குத்தான் என்று டெல்லியைச் சேர்ந்த அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2020இல் சொன்னது.

சுண்ணாம்பு விட்டது, சிமெண்ட் விடாது

பழைய காலத்தில் மட்டும் எப்படித் திரும்பப் பயன்படுத்தினார்கள்? அவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் ஞானிகள் இல்லை. சுண்ணாம்புக் காரை செங்கல்லை இறுகப் பிடிக்காது. கொத்துக்கரண்டியால் ரெண்டு தட்டுத் தட்டினால் கல் முழுசாக வந்துவிடும். சிமெண்ட் கலவை அப்படியில்லை. கல் உடையும், கலவை உடையாது. மரமும் கல்லும் கண்ணுக்குத் தெரியும், தட்டிப் பார்த்துத் தரம் சொல்லலாம். கான்கிரீட் பில்லருக்குள் எத்தனை கம்பி, எத்தனை எம்எம், எந்தக் கலவை என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்?

இடிப்பவரின் கண் தோற்பது இங்கேதான். மரத்துக்கு அவர் சொல்லும் விலையில் பத்து ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம். கான்கிரீட்டுக்கு அவரிடம் விலையே கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்க ஆள் இல்லாத பொருள் குப்பை. ஆக, கான்கிரீட் குப்பையாவதற்குப் பாதிக் காரணம் அதன் குணம் என்றால், மீதிப் பாதி அதைப் பற்றிய தகவல் தொலைந்துபோவது.

தகவல் இருந்தால் சட்டமே வழி விடுகிறது. ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383, 2016இல் திருத்தப்பட்டபோது, உடைத்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியை அனுமதித்தது. கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டில் எம்25 கிரேடு வரை மொத்த ஜல்லியில் 20 சதவீதம் சேர்க்கலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கலவை என்றால் முழுக்கவே போடலாம். சாதாரண வீடுகளுக்கு எம்20தான் போடுகிறார்கள் என்பதால், இந்த வாசல் மதுரை வீடுகளுக்கும் திறந்திருக்கிறது. டெல்லி புராரியில் 2009 முதல் இடிபாட்டுக் கழிவு ஆலை ஓடுகிறது. உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்துக்கே இடிபாட்டிலிருந்து செய்த கற்கள் போயிருக்கின்றன. சென்னையிலும் பெருங்குடி, கொடுங்கையூரில் ஆலைகள் வந்துவிட்டன.

இந்தப் பக்கம் லாபம் யாருக்கு என்று கேட்டால், மேலூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். 2017 நவம்பர் 29ஆம் தேதி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டின் மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொன்னது. ஆற்று மணல் கிடைப்பது குறையக் குறைய எம்-சாண்ட் அந்த இடத்தைப் பிடித்தது. எம்-சாண்ட் மலையை உடைத்து வருவது. ஆறு பிழைக்க மலை கரைய வேண்டும் என்று ஆகிவிட்டது. மலை கரைவதன் அளவு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012இல் அப்போதைய கலெக்டர் சகாயம் கொடுத்த கிரானைட் அறிக்கை 16,000 கோடி ரூபாய் இழப்பு என்றது. அது அலங்காரக் கல், ஜல்லிக்கல் வேறு என்பது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் மலை ஒன்றுதான்.

20,000 சதுர மீட்டருக்குக் கீழே

நெதர்லாந்தில் 2017இல் 'மடாஸ்டர்' என்ற ஆன்லைன் பதிவேட்டைத் தொடங்கினார்கள். தாமஸ் ராவ் என்ற கட்டடக் கலைஞரின் யோசனை அது. நிலத்துக்குப் பதிவேடு இருப்பதுபோல், கட்டடத்துக்குள் இருக்கும் பொருள்களுக்கும் ஒரு பதிவேடு. எந்தக் கட்டடத்தில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு கண்ணாடி, எவ்வளவு மரம், எப்படிக் கழற்றலாம் என்று 'பொருள் பாஸ்போர்ட்' போட்டு வைப்பார்கள். இடிக்கும்போது கட்டடம் குப்பையாகத் தெரியாது, கிடங்காகத் தெரியும். முப்பரிமாணக் கணினி மாதிரி, ட்ரோன் படம், கழிவைப் பிரிக்கும் ரோபோ என்று மற்றவையெல்லாம் இதைச் சுற்றி வருபவை.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் விதிகள், ஒரு நாளில் 20 டன் அல்லது மாதத்தில் 300 டன் கழிவு உண்டாக்குபவர்கள் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே திட்டம் கொடுக்க வேண்டும் என்றன. ஜேசிபி வைத்து ரெண்டு நாளில் இடித்தால் இந்த 20 டன்னைச் சாதாரண வீடே தாண்டிவிடும். 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்கள் 18 மாதத்தில் கழிவு ஆலை அமைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. 2017க்குள் 53 நகரங்களில் ஆலை வரும் என்று எதிர்பார்த்தார்கள். 2020 வரை வந்தது 13இல்.

அடுத்து 2025 ஏப்ரலில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கட்டுபவரே கழிவுக்குப் பொறுப்பு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் போர்ட்டலில் பதிய வேண்டும், பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்கும் மின்னணுக் கழிவுக்கும் உள்ள அதே ஏற்பாடு. ஆனால், இந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான். அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி. பெரிய மருத்துவமனை, மால், அடுக்குமாடி வளாகம் அதில் வரும். செல்லூரிலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ ஒன்றரை சென்ட்டில் இருக்கும் வீடு வராது. அப்படி இருநூறு வீடுகளை இடித்தாலும் போர்ட்டலுக்கு ஒன்றுமே நடக்காததுபோலத்தான்.

டெல்லியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டையும் கணக்கெடுக்க முடியாது, சரி. மதுரையில் முடியும். அதற்கு வெளிநாட்டு மென்பொருள் தேவையில்லை. வீடு கட்டும் சாமானியரிடம் முப்பரிமாண மாதிரி கேட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனால் அவர் ஏற்கெனவே ஆன்லைனுக்கு வந்துவிட்டார். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்தால் அங்கேயே அனுமதி. அந்த விண்ணப்பத்தில் இன்னும் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். கம்பி எந்தத் தரம், எத்தனை டன், கான்கிரீட் என்ன கிரேடு, சுவர் சூளைச் செங்கல்லா, ஃபிளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா, உள்பூச்சு ஜிப்சமா.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஜிப்சம் கலந்த ரப்பீஸில் சல்பேட் அதிகம், அதை அரைத்துக் கான்கிரீட்டில் போட்டால் பின்னால் கான்கிரீட்டை அரிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடா என்பது இன்னும் முக்கியம். அந்தத் தூசி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது. மதுரை வெயிலில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சம்மட்டியால் அந்த ஷீட்டை உடைக்கும் ஆளுக்கு அது தெரியாது. அவருக்கு இந்த ஒரு வரித் தகவல் போய்ச் சேர்ந்தாலே போர்ட்டலுக்குச் செலவழித்த காசு செரித்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதிவேடு இப்போதே பாதி இருக்கிறது. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், கம்பி கட்டி முடித்ததும் இன்ஜினீயரோ கொத்தனாரோ செல்போனில் படம் எடுப்பார். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் போகும். "பாத்துக்கங்கண்ணே, பதினாறு எம்எம் எட்டுக் கம்பி" என்று குரல் பதிவும் கூடவே போகும். கம்பியின் மேலேயே கம்பெனி பெயரும் தரமும் புடைப்பாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். நெதர்லாந்துக்காரர் பாஸ்போர்ட் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். அங்கே அதைப் பத்திரப்படுத்துகிறார்கள். இங்கே கிரகப்பிரவேசம் முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள்.

இன்னொரு குறை, வண்டியில் இருக்கிறது. குவாரியிலிருந்து ஊருக்குள் வரும் ஜல்லி லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும். இல்லையென்றால் பறிமுதல், வழக்கு. ஊரிலிருந்து வெளியே போகும் ரப்பீஸ் லாரியிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. எந்த வீட்டில் ஏற்றியது, எங்கே இறக்கப்போகிறது என்று செல்போனில் ஒரு க்யூஆர் சீட்டு எடுத்துக்கொண்டு கிளம்பட்டும். இறக்கிய இடத்தில் அதை மறுபடி ஸ்கேன் செய்தால்தான் வீட்டுக்காரர் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். கண்மாய்க்கரையில் ஸ்கேன் செய்ய ஆள் இருக்காது.

அப்படியே, இடிக்கப் பதினைந்து நாளுக்கு முன்னால் வீட்டின் படங்களை ஒரு பொதுப் பட்டியலில் ஏற்றினால், நிலையும் கதவும் கடப்பாக்கல்லும் நின்ற இடத்திலேயே விலைபோகும். இன்று பல வீடுகளில் ஜேசிபி எல்லாவற்றையும் சேர்த்து நொறுக்குவதற்குக் காரணம் அவசரம்தான். வங்கிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது, கையால் பிரிக்க நாளாகும். வாங்க ஆள் முன்பே தயாராக இருந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

கடவுச்சொல் யார் கையில்?

ஆன்லைன் ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மதுரையில் யாரிடமும் சொல்ல முடியாது. மணலுக்கு 2017லேயே ஆன்லைன் பதிவு வந்தது. கள்ள மணல் அதோடு நிற்கவில்லை. 2025இல் மாநகராட்சியை உலுக்கிய சொத்து வரி முறைகேடு இன்னும் பெரிய பாடம். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, கட்டடங்களுக்கான வரியைக் கணினியிலேயே குறைத்துப் பதிந்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கைதுகள் நடந்தன, மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். காகிதத்தில் திருத்தினால் அழித்த தடமாவது தெரியும்.

எனவே கட்டடப் பதிவேட்டை அதிகாரியின் லாகினுக்குள் பூட்டி வைக்கக் கூடாது. வில்லங்கச் சான்று மாதிரி யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 1975லிருந்து ஒரு மனையை யார் விற்றார், யார் வாங்கினார், யார் அடமானம் வைத்தார் என்று வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம். அதே மனையில் நிற்கும் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வரி கிடையாது. வாங்குகிறவருக்கும் அது பிரயோஜனம்தானே. பதினாறு எம்எம் கம்பி என்று சொல்லிப் பன்னிரண்டு போட்ட வீட்டை யார் முழு விலைக்கு வாங்குவார்? குடியிருப்பவரின் அந்தரங்கம் வெளியே வரக்கூடாது என்பது நியாயமான கவலை. கம்பியின் எடையையும் கல்லின் வகையையும் வெளியிட, அறை எங்கே இருக்கிறது, லாக்கர் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை.

இடிப்புத் தொழிலாளர்களின் பிழைப்பு அதைவிடப் பெரிய கவலை. பதிவுபெற்ற ஆலை, பதிவுபெற்ற நிறுவனம் என்று போர்ட்டலின் மொழி போகப்போக, கடப்பாரையோடு நிற்கும் ஆள் அதில் எங்கேயும் வராமல் போகலாம். குப்பை விஷயத்தில் அப்படித்தான் ஆனது. காலங்காலமாகப் பொறுக்கிப் பிரித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஒப்பந்த நிறுவனங்கள் வந்தன. பழைய நிலையைத் தட்டிப் பார்த்து இது பர்மா தேக்கு, இது நாட்டுத் தேக்கு என்று சொல்லும் ஆளைவிடத் திறமையான ஸ்கேனர் இன்னும் வரவில்லை. போர்ட்டலில் முதலில் பதிய வேண்டியது அவர் பெயரும் செல்போன் எண்ணும்தான். தமிழில் பேசிப் பதியும் வசதியோடு, ஜிஎஸ்டி எண் கேட்காமல்.

மிச்சம் இருப்பது விலை. ரப்பீஸை அரைத்த ஜல்லி, மலை ஜல்லியைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்காவிட்டால் கொத்தனார் தொடவே மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2025 ஏப்ரலில் கனிமவள வரி வந்து, குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லி, எம்-சாண்ட் இல்லாமல் கட்டுமான வேலைகள் தடுமாறின. அந்த நாள்களில் ஊரைச் சுற்றிக் கண்மாய்க்கரைகளில் கொட்டிக் கிடந்த கான்கிரீட்டை ஜல்லியாக யாரும் பார்க்கவில்லை. அரைக்க இயந்திரம் பக்கத்தில் இருந்து, வாங்க அரசு முன்வந்திருந்தால் பார்த்திருப்பார்கள். மாநகராட்சி, அரசுப் பணிகளில் 10 முதல் 20 சதவீதம் இடிபாட்டுப் பொருளை வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. மதுரையில் மேம்பாலம், சாலை, நடைபாதை என்று வேலைக்குக் குறைவில்லை. டெண்டர் ஆன்லைனில்தான் விடுகிறார்கள். அதில் இந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கினால், பேவர் பிளாக் போடுகிறவர் தானாகவே ரப்பீஸ் தேடி வருவார்.

சுயசான்று முறையில் அனுமதி வாங்கி, இந்த மாதம் விரகனூர்ப் பக்கமோ ஊமச்சிகுளம் பக்கமோ கான்கிரீட் போடப்போகும் வீட்டுக்கும் இன்று அல்லது நாளை கம்பி கட்டி முடிப்பார்கள். கொத்தனார் படம் எடுப்பார். படம் துபாய்க்குப் போகும். அடுத்த நாள் மிக்சர் வண்டி வந்து, கம்பி கண்ணில் படாமல் உள்ளே போய்விடும். படம் அந்த போன் உடையும்வரை இருக்கும்.